ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ்?

காரின் பின்சீட் ஒர்க்ஷாப் தரையில் கிடந்தது. தன் வீட்டு பீரோவை யாரோ நடுத்தெருவில் திறந்து வைத்ததைப் போல அண்ணிக்குக் கூச்சமாக இருந்தது.

"இவ்வளவு கழட்டணுமா நட்டு?"

"இன்னும் கழட்டவே இல்ல அண்ணி. இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன்."

நட்டு என்பது வீட்டுப் பெயர். சின்ன வயதில் ஒருநாள் வீட்டுத் தையல் மெஷினை முழுசாகப் பிரித்து, திரும்பப் பூட்டியபோது ஒரு நட்டு மிஞ்சிப்போனது. அண்ணன் அன்று வைத்த பெயர், முப்பது வயது தாண்டியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு ஊரில் ஹைப்ரிட் வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள், போன மாதம்தான் வேலையை விட்டுவிட்டு வந்தாள். அண்ணனுக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுப்பதற்காக. பரிசோதனையில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் திரும்பிப் போகவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. பக்கத்துத் தெரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அந்த அண்ணன், ஊராருக்கு சர்வேயர், ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஊரெல்லாம் நிலம் அளந்தவர். இப்போது குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்கிறார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்.

போன வாரம் அதற்குக் கிளம்பியபோது கொட்டுகிற மழையில் டாக்ஸி வராமல் போக, வேறு வழியில்லாமல் அண்ணி இந்தக் காரை எடுத்தாள். போகும்போது ஒன்றுமில்லை. திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறியது. இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். எப்படி வீடு வந்து சேர்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வேறு வழியில்லாமல்" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் கார் அப்படி எடுக்கிற கார் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் சர்வேயரின் பெயரைச் சிறுநீரகத்துக்காகப் பதிவு செய்தபோது டாக்டர் சொன்னார்: "கூப்பிடுவோம். எப்பன்னு சொல்ல முடியாது. கூப்பிட்டா உடனே கிளம்பணும்." பெரிய ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. அடுத்த வாரமே அண்ணி இந்தக் காரை வாங்கினாள். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பழைய கார். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். இரண்டில் ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று இருக்கும் என்பது அவள் கணக்கு. அன்றே டாங்கை நிரப்பினாள். அன்றிலிருந்து யாரையும் தொட விடவில்லை. காய்கறிக்கு, கல்யாணத்துக்கு, அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு, எதற்கும் அந்தக் கார் கிடையாது. அது அழைப்புக்கான கார்.

"எடுக்கவே இல்லன்னா, இடையில ஸ்டார்ட்டாவது பண்ணினீங்களா?" என்று நட்டு கேட்டாள்.

"வாரம் தவறாம. ஞாயித்துக்கிழமை காலையில உட்கார்ந்து பட்டனை அமுக்குவேன். பச்சை விளக்கு வரும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு அணைச்சுடுவேன்."

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சா?"

"ஹைப்ரிட் வண்டிக்கு ஏது சத்தம்? அதுக்குத்தானே எல்லாரும் வாங்கறாங்க."

நட்டு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். முழங்கையில் நெற்றியைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"ஏன்டி சிரிக்கிற?"

"அண்ணி, சார்ஜ் இருக்கிற வரைக்கும் இது எஞ்சினைத் தொடவே தொடாது. நீங்க ரெண்டு வருஷமா வாராவாரம் விளக்கு போட்டுப் பார்த்திருக்கீங்க. அவ்வளவுதான்."

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் சர்வேயர்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"நினைச்சேன்னுதானே சொன்னேன். சொன்னேன்னு சொல்லலையே."

ஒர்க்ஷாப் முதலாளி, எதிரே ஒரு டயரை உருட்டிக்கொண்டு போனவர், சிரிப்பை டயர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சர்வீஸுக்குக் கூப்பிட்டிருப்பாங்களே அண்ணி?"

"கூப்பிட்டாங்க. ஓடாத வண்டிக்கு எதுக்கு சர்வீஸ்னு கேட்டு ஃபோனை வெச்சுட்டேன். நம்மகிட்ட வந்து நூறு கிலோமீட்டர்கூட ஓடலையேம்மா."

"ஓட்டம் ஒரு கணக்கு, காலம் ஒரு கணக்கு. எது முதல்ல வருதோ அதுக்குப் பண்ணணும். சும்மா நின்னாலும் ஆயிலுக்கு வயசாகும். பெட்ரோல் பழசாகிப் பிசின் கட்டும். அதெல்லாம் ஃபில்டர்ல போய் அடைச்சுக்கும். பாலத்துல சார்ஜ் தீர்ந்ததும் எஞ்சின் முழிச்சு பெட்ரோல் கேட்டிருக்கு. ஃபில்டர் விடல."

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. பாலத்தில் திணறிய நாளுக்கு முந்தின இரவு தெருவில் கரண்ட் இல்லாமல் சார்ஜ் ஏறாததை நினைத்துக்கொண்டாள். ஏறியிருந்தால் டயாலிசிஸுக்குப் போய்வர அதுவே போதும். எஞ்சின் கேட்டிருக்காது, திணறியிருக்காது, யாருக்கும் தெரிந்திருக்காது. ஒருநாள் அழைப்பு வந்து, கணவரை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் பாதி தூரம் போன பிறகு தெரிந்திருக்கும்.

அன்றைக்கு வராத டாக்ஸிக்காரனை எவ்வளவு திட்டினாள். அவன் மட்டும் வந்திருந்தால். முகம்கூடத் தெரியாத அந்த ஆள் நன்றாக இருக்கட்டும், அவன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கட்டும் என்று மனசுக்குள் சொன்னாள். மழைக்கும் சொன்னாள். கரண்ட் ஆபீஸுக்கு மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

கெடக்கூடாது என்று பொத்தி வைத்தது, பொத்தி வைத்ததாலேயே கெட்டிருக்கிறது. காரை மட்டுமா அப்படி வைத்திருந்தேன் என்று ஒரு கேள்வி எழுந்தது. இரண்டு வருஷமாக அவள் தன் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ஃபோன் பேச்சைக்கூட நிம்மதியாக நீட்டியதில்லை, லைன் காலியாக இருக்க வேண்டுமே என்று. சர்வேயரிடம் மருந்து, தண்ணீர், உப்பு தவிர வேறு எதைப் பேசினாள் என்று யோசித்தாள். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நட்டு முழங்கை வரைக்கும் வருகிற தடித்த ரப்பர் கையுறையை மாட்டினாள். காருக்குள் குனிந்து ஒரு பெரிய பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பெரிய பேட்டரி இந்த சீட்டுக்குக் கீழதான். பெட்ரோல் டாங்கும் பக்கத்துலேயே. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும். பத்து நிமிஷம் யாரும் கிட்ட வராதீங்க."

அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் ஃபோன் அடித்தது.

அண்ணியின் ஃபோன்தான். இரண்டு வருஷமாக ஒரு தனி மணியோசை வைத்துக் காத்திருந்த எண். அந்த ஓசையைக் கேட்டும் மனம் புரிந்துகொள்ளவில்லை. யாருடைய ஃபோனோ அடிக்கிறது என்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தாள்.

"உறுப்பு மாற்று சிகிச்சைப் பிரிவிலேர்ந்து பேசறேன்," என்றது ஒரு பெண் குரல். தூக்கம் பார்க்காத, நிதானமான குரல். "உங்க வீட்டுக்காரருக்குச் சரிவரும்னு நினைக்கிற மாதிரி ஒரு கிட்னி வந்திருக்கு. காய்ச்சல், சளி ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"இனிமே ஒண்ணும் சாப்பிடக் கொடுக்காதீங்க. நாலு மணிக்குள்ள இங்க இருக்கணும். கிளம்ப முடியுமா?"

அண்ணி காரைப் பார்த்தாள். சீட் தரையில். பிளக் நட்டுவின் பையில். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகப்போகிறது.

"கிளம்பறோம்," என்றாள்.

சர்வேயர் கையிலிருந்த பாதி பிஸ்கட்டை, உடையும் பொருளை வைப்பதுபோல் நாற்காலிக் கையில் வைத்தார்.

அண்ணி டாக்ஸிகளைக் கூப்பிட்டாள். ஒருவன் அவ்வளவு தூரம் வர மாட்டேன் என்றான். ஒருவன் சாயங்காலம் என்றான். மூன்றாமவன் இரண்டு மணிக்கு வருகிறேன் என்றான். முதலாளி தன் வேனைக் கொடுத்திருப்பார்; அது எங்கோ நின்றுபோன லாரியை இழுக்கக் காலையிலேயே போய்விட்டது. "இன்னிக்குன்னு பார்த்து அனுப்பிட்டேனே," என்று குற்றம் செய்தவர்போல் இரண்டு தடவை சொன்னார்.

நட்டு அசையாமல் நின்றிருந்தாள். கையுறை போட்ட கைகளை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" அண்ணி கேட்டாள்.

"முக்கால் மணி. விரட்டினா அரை மணில முடிச்சுடுவேன்." நட்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அண்ணி, எத்தனையோ ஃபில்டர் மாத்தியிருக்கேன். இன்னிக்குக் கை நடுங்குது. சரியாப் பூட்டலேன்னா உள்ள பெட்ரோல் கசியும். அண்ணன் உட்கார்ற வண்டி இது."

அண்ணி எதற்கும் பறக்கிறவள். காப்பி ஆறுவதற்குள் குடித்து முடிக்கிறவள், சிக்னல் மாறுவதற்குள் காலை எடுத்து வைக்கிறவள். வீட்டில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்றே பெயர். அவள் நட்டுவின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது, இந்தப் பெண் ஒரு மாதமாகக் கொடுக்க முடியாததைத் தூக்கிக்கொண்டு நடமாடுகிறாள் என்று.

"முக்கால் மணியாவே செய்," என்றாள். "நான் விரட்ட மாட்டேன்."

"நீயா?" என்றார் சர்வேயர் நாற்காலியிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க."

முதலாளி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பெட்ரோல் பங்குக்குப் பறந்தார். பத்து நிமிஷம் முடிந்ததும் நட்டு குனிந்தாள். பழைய பெட்ரோலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். வார்னிஷ் அடித்த கதவுபோல் ஒரு நாற்றம் ஒர்க்ஷாப் முழுக்கப் பரவியது. டாங்கின் மூடியைத் திருகித் திறந்து உள்ளிருந்த பம்பை மெதுவாக வெளியே எடுத்தாள். அதில் பொருத்தியிருந்த ஃபில்டர் வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது. கழுவாமல் விட்ட டீ வடிகட்டி போலிருந்தது.

அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருஷமாகத் தான் பத்திரப்படுத்தியது இதைத்தானா என்று நினைத்தாள். ஆனால் அந்த நினைப்பில் எரிச்சல் இல்லை. வெளியே வந்துவிட்டதே என்ற ஆறுதல்தான் இருந்தது.

புது ஃபில்டர் ஏறியது. பம்ப் உள்ளே இறங்கியது. நட்டு மூடியை வைத்துத் திருகத் தொடங்கினாள்.

கருவிகள் வைத்திருந்த தட்டில் ஒரு மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் கிடந்தது. நாள் முழுக்கக் கண்ணாடி பிரேம்களில் கண்ணுக்குத் தெரியாத திருகுகளைத் தேடிப் பழகிய கண் அண்ணிக்கு.

"நட்டு, இது எங்க போகணும்?"

நட்டு நிமிர்ந்தாள். தட்டைப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"மூடிக்குக் கீழ. பழசை எடுத்துப் போட்டுட்டேன். புதுசை..." வாக்கியத்தை முடிக்கவில்லை. "இது இல்லாம பூட்டியிருந்தா..."

"பூட்டலையே. கழட்டு."

"நேரமாகும் அண்ணி."

"ஆகட்டும். கழட்டுன்னா கழட்டு."

கழற்றினாள். வளையத்தை வைத்து, விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டினாள். இந்தத் தடவை அண்ணி டார்ச் பிடித்தாள். இருவர் தலையும் காருக்குள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. இத்தனை வருஷத்தில் இவளோடு இவ்வளவு நெருக்கமாக ஒரு வேலை செய்ததில்லை என்பது அண்ணிக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"ஏற்கெனவே ஒரு நட்டு மிஞ்சினது போதும்," என்றார் சர்வேயர். நட்டுவின் கை நடுக்கம் நின்றது.

முதலாளி கொண்டுவந்த பெட்ரோல் உள்ளே போனது. பிளக் பைக்குள்ளிருந்து இடத்துக்கு வந்தது. நட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சினை வலுக்கட்டாயமாக எழுப்பினாள். அது இருமியது. ஒருமுறை நின்றது. மறுபடி எழுந்தது, கொஞ்சம் தடுமாறி, தன் சத்தத்தைத் தானே கேட்டுப் பழகுவதுபோல் மெல்ல மெல்லச் சீரானது.

நட்டு மூடியருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்தாள். டார்ச் அடித்து சுற்றிலும் பார்த்தாள். திரும்ப மோந்தாள்.

"போலாம்," என்றாள்.

பின்சீட்டை முதலாளியே தூக்கி வைத்துப் பொருத்தினார். கூலி என்ன என்று அண்ணி கேட்க வாயெடுத்தபோது, "போயிட்டு வாங்கம்மா. சொகமா வந்து சர்வீஸுக்கு விடுங்க. ஆயில் மாத்தணும், இன்னும் நிறைய இருக்கு," என்று கதவை அறைந்து சாத்திவிட்டார்.

அண்ணி ஓட்டினாள். சர்வேயர் பக்கத்தில். நட்டு, கிரீஸ் படிந்த நீல மேலங்கியோடு பின்னால், பாதித் தலை சீட்டுக்குக் கீழே.

"துப்பறியும் நாய் மாதிரி மோந்துக்கிட்டே வர்றா பாரு," என்றார் சர்வேயர்.

"நீங்க முன்னாடி பாருங்க அண்ணா. கிட்னிக்குப் போறவங்க முன்னாடிதான் பார்க்கணும்."

ஊர் எல்லை தாண்டிய பிறகு சார்ஜ் தீர்ந்தது. எஞ்சின் எழுந்தது. மூவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு சீரான உறுமல். ஏற்றம் வந்தது, உறுமல் கொஞ்சம் கனத்தது, ஏற்றம் முடிந்தது. இழுக்கவில்லை, திணறவில்லை. அண்ணி ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினாள், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல்.

அதன் பிறகு வேறொரு நினைப்பு வந்தது. இதே மத்தியானத்தில், எங்கேயோ ஒரு வீட்டில், யாரோ சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள். தங்கள் ஆள் இனி எழமாட்டார் என்று தெரிந்த நேரத்தில், முன்பின் தெரியாத இன்னொருவர் எழட்டும் என்று. எந்த வாயால் அதைச் சொல்லியிருப்பார்கள்? இரண்டு வருஷமாக இந்த அழைப்புக்காகக் காத்திருந்தபோது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அவள் ஒருநாளும் முழுசாக நினைத்ததில்லை. நினைக்கத் துணிந்ததில்லை. இப்போது கண் மறைத்தது. ஓட்டுகிறோம் என்பதால் துடைத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றார் சர்வேயர்.

"அவங்க வீட்டுல இன்னிக்கு யாராவது சாப்பிட்டிருப்பாங்களா?"

அவள் சொன்னது யாரை என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். மருந்து, தண்ணீர், உப்பு அல்லாத ஒரு பேச்சு.

நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சர்வேயருக்கு ஒரு சட்டை கொடுத்தார்கள். பின்னால் நாடா கட்டுகிற சட்டை. மூவரும் ஒரு நீள அறையில் உட்கார்ந்தார்கள்.

அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். இருபது வயதைத் தாண்டியிராத ஒரு பெண், அதே நாடா சட்டையில். பக்கத்தில் அவள் அப்பா, மடியில் ஒரு துணிப்பை. பெண்ணின் கையில், சர்வேயர் கையில் இருப்பதைப் போலவே டயாலிசிஸ் ஊசித் தழும்புகள்.

ஃபோனில் பேசிய குரலுக்குச் சொந்தக்காரி வந்தாள். "மன்னிச்சுக்கணும், ஃபோன்லயே சொல்லியிருக்கணும். ரெண்டு பேரைக் கூப்பிட்டிருக்கோம். இருக்கிறது ஒண்ணுதான், இன்னொண்ணு வேற ஊருக்குப் போகுது. யாருக்கு நல்லாப் பொருந்துதுன்னு ரத்தம்தான் சொல்லணும். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அவள் போனபின் யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்து அந்த அப்பா நட்டுவின் பக்கம் சாய்ந்தார். அவளுடைய நீல மேலங்கியைப் பார்த்து ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். "இங்கதான் வேலையாம்மா? கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியுமா? மூணு பஸ் மாறி வந்தோம்."

திரும்பிப் போவதைப் பற்றி இவர் இப்போதே நினைக்கிறார் என்று அண்ணியின் மனம் குறித்துக்கொண்டது. அதில் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே கூசியது. அந்தப் பெண் மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். நகத்தில் பாதி உரிந்த சிவப்புச் சாயம். யாரையும் கெஞ்சாத முகம்.

"பஸ் எதுக்குங்க?" என்று அண்ணி சொன்னாள். சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "எங்க கார் இருக்கு. எங்களுக்குக் கிடைச்சா நானும் இவரும் இங்கதானே இருப்போம். இவ உங்க ரெண்டு பேரையும் வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவா. நல்லா ஓட்டுவா."

அப்பா அவளையே பார்த்தார். "எங்களுக்குக் கிடைச்சா?"

"கிடைச்சா..." அண்ணி சர்வேயரைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார். "கிடைச்சா, போற வழியில உங்க வீட்டுல சொல்லிட்டுப் போறோம். யார்கிட்ட சொல்லணும்?"

"அம்மாகிட்ட," என்றாள் அந்தப் பெண். அவள் பேசியது அப்போதுதான். "கோழிக்குத் தீனி வெச்சாச்சான்னும் கேட்கணும்."

"கேட்கறேன்," என்றாள் நட்டு. "எத்தனை கோழி?"

சிரித்துவிட்டார்கள். அப்பாகூட. சர்வேயர் சிரித்ததில் நாடா அவிழ்ந்து சட்டை நழுவ, அதற்கு மறுபடி சிரிப்பு.

கதவு திறந்தது. ஃபோனில் பேசியவள்தான், கையில் ஒரு தாளோடு. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்தார்கள். அண்ணியின் கை பக்கத்தில் இருந்த கையைப் பிடித்தது. அது அந்தப் பெண்ணின் கை என்பதைப் பிடித்த பிறகுதான் பார்த்தாள். விடவில்லை.

வந்தவள் ஒருவர் பெயரையும் கூப்பிடவில்லை. கதவைத் தனக்குப் பின்னால் சாத்தினாள்.

"உட்காருங்க," என்றாள். "இதை உங்க எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்லணும்."